எந்தப் பிள்ளையை அனுப்புவீர்கள்?

ஒரு சின்னப் படம். இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். ஒரு பிள்ளை குனிந்த தலை நிமிராமல் போட்டுக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று கொஞ்சம் போடுகிறது, வேடிக்கை பார்க்கிறது, கையில் கிடைத்ததை வைத்து விளையாடுகிறது, மறுபடியும் கொஞ்சம் போடுகிறது. கடைசியில் இருவருக்கும் ஒரே மதிப்பெண். படத்தைப் பார்த்து முடித்த குழந்தையிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: இந்த இருவரில் யார் புத்திசாலி?

நமக்கு இதில் குழப்பமே இல்லை. பாதி நேரம் விளையாடியும் அதே மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குத்தான் மூளை அதிகம். ஆனால் ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு அப்படித் தோன்றவில்லை. நிறையப் பாடுபட்டவர்தான் கெட்டிக்காரர் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்களைவிடச் சற்றுப் பெரியவர்கள் வேறு விதமாகத் திண்டாடினார்கள். உழைப்புக்கு ஏற்ற பலன் வரவேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். படம் அந்த நியாயத்துக்கு ஒத்துவரவில்லை. எனவே அவர்களே கதையை இட்டு நிரப்பினார்கள். விளையாடிய பிள்ளை விளையாடும்போதும் உள்ளுக்குள் யோசித்திருக்க வேண்டும், அல்லது எழுதிய நேரத்தில் வெகு வேகமாக எழுதியிருக்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் பெரியவர்களின் பதில் வருகிறது. ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு கொள்ளளவு உண்டு, உழைப்பால் அந்த அளவு வரைதான் போக முடியும், குறைவாக உழைத்து அதே இடத்துக்கு வந்தவருக்குக் கொள்ளளவு அதிகம் என்ற கணக்கு அது.

நியூசிலாந்துக்காரரான ஜான் நிக்கல்ஸ் என்ற உளவியலாளர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இது. ஐந்திலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளின் பதில்களை அவர் நான்கு படிகளாக அடுக்கினார். முதல் படியில் உழைப்பு, திறமை, மதிப்பெண் மூன்றும் ஒரே கலவை. நான்காவது படியில் மூன்றும் தனித்தனி. அடுக்கியவர் நான்காவதை முதிர்ந்த நிலை என்று கொண்டார். பாடப்புத்தகங்களும் அப்படியே எடுத்துக்கொண்டன.

முதிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஒரே விளைவுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், ஒன்று கூடினால் மற்றது குறைந்திருக்கும் என்று யோசிப்பது கடினமான தர்க்கம். ஆனால் இந்தத் தர்க்கம் கைவந்த அன்றே ஒரு விஷமும் கூட வருகிறது. நிறைய உழைப்பது மூளை குறைவு என்பதற்கான சாட்சியாக மாறிவிடுகிறது. பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் பத்தாம் வகுப்புப் பையன்களைப் பாருங்கள். விடிய விடியப் படித்துவிட்டு வந்தவனும் “புத்தகத்தையே தொடலடா” என்பான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பொய்யின் தேவையே புரியாது. படித்தால் படித்தேன் என்று சொல்லிக்கொள்வதுதானே பெருமை!

சின்ன வயதில் கலந்து கிடப்பது உழைப்பும் திறமையும் மட்டும் அல்ல. நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்ற எண்ணமும் அதே பானையில்தான் கிடக்கிறது. 1992இல் கேல் ஹேமன், கரோல் ட்வெக், கேத்லீன் கெய்ன் ஆகியோர் அமெரிக்க மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொம்மைகளை வைத்துச் சில கதைகளை நடத்திக் காட்டினார்கள். கதையில் குழந்தை ஆசையாக ஒன்றைச் செய்து டீச்சரிடம் கொண்டுபோகிறது. அதில் சின்னக் குறை ஒன்று இருக்கிறது. டீச்சர் அதைச் சுட்டிக்காட்டிக் குறை சொல்கிறார். அதைக் கேட்டு மனம் உடைந்துபோன குழந்தைகள் கணிசமாக இருந்தார்கள். தங்களுக்குத் திறமை இல்லை என்பதோடு அவர்களுடைய வருத்தம் நிற்கவில்லை. தாங்கள் நல்ல பிள்ளை அல்ல என்ற முடிவுக்கே வந்துவிட்டார்கள். அந்த வயதில் தவறும் குற்றமும் ஒன்றாகவே இருக்கின்றன.

இவ்வளவு கலவைக்கும் நடுவில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. மற்றவரோடு தன்னை ஒப்பிட்டு மட்டம் தட்டிக்கொள்ளும் பழக்கம் சின்னக் குழந்தைக்குப் பெரும்பாலும் இல்லை. டயேன் ரூபிளும் அவருடைய குழுவினரும் 1980இல் செய்த ஆய்வில், மற்றப் பிள்ளைகள் எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதைச் சொன்னபிறகும், மழலையர் வகுப்புக் குழந்தைகள் அதை வைத்துத் தங்களை எடைபோட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கு சில வகுப்புகள் தாண்டித்தான் தெளிவாகத் தொடங்கியது. முதல் வகுப்பில் யாரைக் கேட்டாலும் நான்தான் ஃபர்ஸ்ட் என்று சொல்வது அதனால்தான்.

அப்படியானால் உழைப்பும் திறமையும் தனித்தனியாகப் பிரிவது எப்படி நடக்கிறது? மூளை வளர்ந்தால் தானாக நடக்குமா, யாராவது சொல்லித்தருகிறார்களா? இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சொல்லித்தரும் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிது என்பது என் கட்சி. அதற்கு வகுப்பறையின் அமைப்பே ஒரு சான்று. 1984இல் சூசன் ரோசன்ஹோல்ட்ஸ், கார்ல் சிம்ப்சன் என்ற இரு சமூகவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்து, மதிப்பெண் எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்கப்படும் வகுப்பில், யார் கெட்டிக்காரர், யார் மக்கு என்பதில் பிள்ளைகளுக்குள் அசாத்திய ஒற்றுமை ஏற்படுகிறது. தன்னைப் பற்றிய மதிப்பீடும் அதே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆளுக்கொரு வேலை, பல வகைத் திறமைக்கு இடம் என்றிருக்கும் வகுப்பில் அந்த வரிசை கலங்கலாகவே இருக்கிறது. நம் ஊர் ரேங்க் கார்டு எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

ஒப்பிடும் வகுப்பறை எல்லாம் ஒரே மாதிரி என்றும் நினைத்துவிடக் கூடாது. 1979இல் ஜேம்ஸ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் ஜப்பானில் ஒரு நான்காம் வகுப்பின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். காகிதத்தில் கனசதுரம் வரைவது அன்றைய பாடம். ஒரு பையனுக்குக் கோடுகள் கோணிக்கொண்டே போயின. டீச்சர் அவனைத்தான் கரும்பலகைக்கு அழைத்தார். அமெரிக்க வகுப்பில் சரியாகப் போட்ட பிள்ளையைத்தான் அழைப்பார்கள் என்பதால் ஸ்டிக்லருக்கு ஆச்சரியம். பையன் வரைந்தான், வரவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை டீச்சர் வகுப்பைப் பார்த்து இது சரியா என்று கேட்பார். வகுப்பு தலையை ஆட்டி இல்லை என்னும். பையன் மறுபடி வரைவான். பார்த்துக்கொண்டிருந்த ஸ்டிக்லருக்குத்தான் வியர்த்தது. பையன் இப்போது அழப்போகிறான் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் அழவில்லை. பாடவேளை முடியும் நேரத்தில் கனசதுரம் சரியாக வந்தது. வகுப்பு கைதட்டியது. பையன் சிரித்துக்கொண்டே இடத்துக்குப் போனான்.

இங்கேயும் ஒப்பீடு உண்டு. வகுப்பின் கண்கள் எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் வராமல் இருந்த நேரத்துக்கு அந்த அறையில் கொடுக்கப்பட்ட பொருள் வேறு. இன்னும் கொஞ்சம் போட வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

ஸ்டிக்லரும் அவருடைய ஆசிரியர் ஹெரால்ட் ஸ்டீவன்சனும் அமெரிக்காவின் மினியாபொலிஸ், ஜப்பானின் செண்டாய், தைவானின் தாய்பெய் ஆகிய மூன்று நகரங்களின் தொடக்கப் பள்ளிகளைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கில், மினியாபொலிஸின் முதல் தர வகுப்பின் சராசரி, செண்டாயின் கடைசி வகுப்பின் சராசரியைக் கூட எட்டவில்லை. பொது அறிவுத்திறன் சோதனைகளில் மூன்று நகரத்துப் பிள்ளைகளுக்கும் இடையே அப்படியொரு வேறுபாடு இல்லை. அம்மாக்களிடம் கேட்டபோது ஆசிய அம்மாக்கள் உழைப்புக்கு அதிக எடை கொடுத்தார்கள். அமெரிக்க அம்மாக்கள் பிறவித் திறமைக்கு அவர்களைவிடக் கூடுதல் எடை கொடுத்தார்கள். பிள்ளைகளின் படிப்பில் அதிகத் திருப்தியோடு இருந்தவர்களும் அமெரிக்க அம்மாக்களே! 1992இல் இந்த ஆய்வுகள் ஒரே நூலாக வந்தபோது அமெரிக்காவில் பெரிய சலசலப்பு.

அதிலிருந்து ஒரு வாய்ப்பாடு பிறந்தது. கிழக்கு உழைப்பை நம்புகிறது, மேற்கு மூளையை நம்புகிறது என்பார்கள். மேடையில் சொல்ல வசதியான வாய்ப்பாடு. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. ஜின் லி சீனாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் உளவியலாளர். இரு நாட்டுப் பாலர் வகுப்புக் குழந்தைகளிடமும் பாதிக் கதையைச் சொல்லி மீதியை முடிக்கச் சொன்னார். நான்கைந்து வயதிலேயே வேறுபாடு தெரிந்தது. கற்றலைப் பற்றிப் பேசும்போது சீனக் குழந்தைகள் விடாமுயற்சி, தன்னைத் திருத்திக்கொள்வது, அடக்கம் என்று போனார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குத் தலைக்கனம் வரக் கூடாதே, மற்றவர்கள் பொறாமைப்படுவார்களே என்ற கவலையும் அவர்கள் கதைகளில் தலைகாட்டியது. அதாவது உழைப்பு அங்கே ஒழுக்கம். ஒழுக்கம் என்று ஆனபிறகு உழைக்காமல் போவது குற்றம். மூளை இல்லை என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு வகை வலி என்றால், நீ போதுமான அளவு பாடுபடவில்லை என்று கேட்கும் பிள்ளைக்கு வேறு வகை வலி. இரண்டாவது பிள்ளைக்குச் சாக்குச் சொல்லக்கூட வழியில்லை.

வாய்ப்பாட்டின் இன்னொரு ஓட்டையை, பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வு காட்டியது. 2018இல் பதினைந்து வயது மாணவர்களிடம், அறிவுத்திறனை ஒருவரால் பெரிதாக மாற்றிக்கொள்ள முடியாது என்ற கூற்றை ஏற்கிறீர்களா என்று கேட்டார்கள். பணக்கார நாடுகளில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு மாணவர்களுக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அதை மறுத்தார்கள். பெரும்பாலான நாடுகளில் மறுத்தவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் அந்த ஆண்டு வாசிப்பில் உலகிலேயே முதலிடம் பிடித்த நான்கு சீனப் பகுதிகளில் அந்த நம்பிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காணப்படவில்லை. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூளை மாறும் என்று நம்பினாலும் நம்பாவிட்டாலும் உட்கார்ந்து படித்தே தீர வேண்டும் என்ற ஊரில், அந்த நம்பிக்கைக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் அதற்கு வேலை இருந்தது. கரோல் ட்வெக்கின் பெயர் பெற்றோர் கூட்டங்கள் வரை பரவியதற்குக் காரணமான சோதனை 1998இல் கிளாடியா முல்லரோடு சேர்ந்து அவர் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு பகுதியினரிடம், நன்றாகச் செய்தாய், நீ புத்திசாலி என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம், நன்றாகச் செய்தாய், கஷ்டப்பட்டு உழைத்திருக்கிறாய் என்றார்கள். அந்த ஒரே வாக்கியம்தான் வித்தியாசம். பிறகு மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்து வேண்டுமென்றே தோற்கவிட்டார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் சோர்ந்தார்கள். அடுத்து வந்த எளிய புதிர்களிலும் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறு பள்ளிப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் கூட்டி எழுதினார்கள்.

ஆய்வகத்தில் ஒரு வாக்கியம் செய்யும் வேலை இது. வீட்டில்? எலிசபெத் கண்டர்சன் குழுவினர் சிகாகோ பகுதிக் குடும்பங்களை வீட்டிலேயே வீடியோ எடுத்தார்கள். குழந்தைகளுக்கு அப்போது ஒன்றிலிருந்து மூன்று வயது. அம்மா அப்பாக்கள் இயல்பாகச் சொன்ன பாராட்டுகளை எண்ணினார்கள். ஏழெட்டு வயதில் அதே பிள்ளைகளைத் தேடிப் போய்க் கேட்டபோது, செயலைச் சுட்டிய பாராட்டு அதிகம் கேட்டு வளர்ந்தவர்கள் திறமை மாறக்கூடியது என்று அதிகம் நம்பினார்கள். 2013இல் வந்த முடிவு இது. 2016இல் கைலா ஹைமோவிட்ஸும் ட்வெக்கும் இன்னொன்றைக் கண்டார்கள். அறிவுத்திறன் வளரும் என்று பெற்றோர் மனதில் நம்பினாலும் அது பிள்ளைக்குப் போய்ச் சேருவதில்லை. தோல்வியைக் கண்டு பெற்றோர் பதறுகிறார்களா, அதிலிருந்து என்ன கற்கலாம் என்று பார்க்கிறார்களா என்பதுதான் சேருகிறது. மதிப்பெண் தாளைப் பார்க்கும் முகத்தைப் பிள்ளை வாசித்துவிடுகிறது.

இந்த ஆய்வுகளை மந்திரமாக்கி விற்றவர்களும் உண்டு. அமெரிக்கா முழுவதும் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் டேவிட் யேகர் குழுவினர் நடத்திய சோதனை 2019இல் வெளிவந்தது. மூளை வளரும் என்பதை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பாடத்தில் சொல்லிக்கொடுத்ததற்குப் பலன் இருந்தது. ஆனால் நான்கு புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, அதுவும் படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கு மட்டும். செலவைப் பார்த்தால் மோசம் இல்லை. மந்திரமும் இல்லை.

இந்தியாவுக்கு இந்தக் கதையில் ஒரு தனி இடம் உண்டு. அனீதா ரத்தனும் சகாக்களும் 2012இல் ஒரு கேள்வியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒருவருடைய அறிவு வளருமா என்பது ஒன்று. எல்லோராலும் உயர்ந்த அறிவாளியாக முடியுமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆம் என்று சொன்னவர்கள் அமெரிக்கர்களைவிட இந்தியர்களிடையே அதிகம். அப்படி நம்புகிறவர்கள், எல்லாத் தரப்பினருக்கும் கல்வி வாய்ப்பைச் சமமாகக் கொண்டுசேர்க்கும் கொள்கைகளையும் கூடுதலாக ஆதரித்தார்கள். ஆய்வில் பங்கெடுத்தவர்கள் பெரியவர்கள்தான், குழந்தைகள் அல்லர். யாருக்குப் படிப்பு வரும், யாருக்கு வராது என்று பிறப்பை வைத்தே சொல்லிக்கொண்டிருந்த நாட்டில் இப்படியொரு விடையா என்று முதலில் திகைப்பாக இருக்கும். அந்தப் பேச்சை எதிர்த்துத்தானே ஒரு நூற்றாண்டாகப் பள்ளிகளைத் திறந்தோம் என்று நினைத்தால் திகைப்பு குறைகிறது.

மேலே சொன்ன நிக்கல்ஸின் நான்கு படிகளுக்கு ஒரு திருத்தம் வேண்டும். லின் பியான், சாரா-ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் ஆகியோர் 2017இல் ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள அமெரிக்கப் பிள்ளைகளிடம், ரொம்ப ரொம்பப் புத்திசாலியான ஒருவரைப் பற்றி ஒரு கதை சொன்னார்கள். ஆணா பெண்ணா என்று கதையில் சொல்லவில்லை. பிறகு ஆண், பெண் புகைப்படங்களைக் காட்டி அது யாராக இருக்கும் என்று கேட்டார்கள். ஐந்து வயதில் பையன்கள் ஆணையும் சிறுமிகள் பெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் காட்டினார்கள். ஆறு வயதில் சிறுமிகள் பின்வாங்கினார்கள். ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொன்னதில் அவர்களுக்கு ஆர்வம் குறைந்தது. விடாமல் முயல்கிறவர்களுக்கான விளையாட்டு என்றால் அப்படி இல்லை. வேடிக்கை என்னவென்றால், பள்ளியில் யார் அதிக மதிப்பெண் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு அதே சிறுமிகள் பெண்பிள்ளைகளைத்தான் காட்டினார்கள். மதிப்பெண் வேறு, மேதைமை வேறு என்ற பிரிவு பன்னிரண்டு வயதுக்குக் காத்திருக்கவில்லை. தர்க்கம் முதிர்வதற்கு முன்பே, ஊர் தயாராக வைத்திருக்கும் பட்டம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இதுவரை பார்த்தது எல்லாம் பள்ளிக்கூடம் ஊரையே ஆளும் இடங்கள். ஆள முடியாத இடத்தில் என்ன நடக்கிறது?

ராபர்ட் செர்பெல் 1965இல் இங்கிலாந்திலிருந்து சாம்பியா பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போனவர். பின்னாளில் அதன் துணைவேந்தரும் ஆனார். 1970களில் நாட்டின் கிழக்கு மாகாணத்தில், கட்டேட்டே மாவட்டத்துச் செவா மக்களின் கிராமங்களில் வேலை தொடங்கினார். ஐ.க்யூ. சோதனைத் தாளை முதலில் நீட்டவில்லை. பிள்ளைகளை நன்றாக அறிந்த பெரியவர்களிடம் போய்க் கற்பனைச் சூழ்நிலைகளைச் சொன்னார். ஒரு வீடு தீப்பற்றிக்கொண்டது, பக்கத்தில் இந்தப் பிள்ளைகள் மட்டும்தான் இருக்கிறார்கள், ஆட்களைக் கூட்டிவர யாரை அனுப்புவீர்கள்? பதில் சொன்னதும், ஏன் அந்தப் பிள்ளை என்று கேட்டார். ஏன் என்ற கேள்விக்கு வந்த பதில்களில்தான் அவருக்கு வேண்டியது இருந்தது.

செவா மக்கள் இந்தக் குணத்தை ‘ன்சேலு’ என்கிறார்கள். அதற்குள் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று சூட்டிகை: சட்டென்று பிடித்துக்கொள்வது, வழி கண்டுபிடிப்பது. மற்றது பொறுப்பு: ஒரு காரியத்துக்கு அனுப்பினால் வழியில் விளையாடப் போகாமல் முடித்துக்கொண்டு வருவது, பெரியவர்கள் நம்பி ஒப்படைக்கும்படி நடப்பது. முதலாவது மட்டும் இருந்தால் போதாது. சூட்டிகை திருடவும் உதவும், ஏமாற்றவும் உதவும். பொறுப்போடு சேர்ந்தால்தான் அது அறிவு. தீப்பற்றிய வீட்டுக்கு அனுப்பும்போது வேகமாக ஓடும் பிள்ளை வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்த பிள்ளை வேண்டும், பயந்து எங்கேயாவது ஒளிந்துகொள்ளாத பிள்ளையும் வேண்டும். மூன்றையும் தனித்தனியாக எடுத்து அளப்பதற்கு அந்தப் பெரியவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

அமெரிக்க ஐந்து வயதுக் குழந்தையிடம் நல்ல குணமும் திறமையும் கலந்து கிடந்ததைப் பார்த்தோம். அங்கே அதைப் பிரிக்கத் தெரியாத பருவம் என்றார்கள். இங்கே ஊரையே நடத்தும் நரைத்த தலைகள் தெரிந்தே அதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இவர்களை முதல் படியில் நிற்க வைக்க முடியுமா? நிக்கல்ஸின் படிக்கட்டு ஒரு குறிப்பிட்ட கட்டடத்தின் படிக்கட்டு என்பது கட்டேட்டேயில் போய் நின்றால்தான் தெரிகிறது.

சாம்பியா மட்டும் இப்படி என்றும் இல்லை. கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் வாழும் கோக்வெட் என்ற ஊரில் சாரா ஹார்க்னஸும் சார்லஸ் சூப்பரும் 1970களில் தங்கி ஆய்வு செய்தார்கள். அங்கே கெட்டிக்காரச் சிறுமி என்றால், சாப்பிட்டு முடித்ததும் யாரும் சொல்லாமலே இடத்தைப் பெருக்குவாள், பாத்திரம் கழுவுவாள், தம்பியைப் பார்த்துக்கொள்வாள். படிப்பில் கெட்டிக்காரி என்று சொல்ல வேண்டுமானால் ‘பள்ளியில்’ என்ற சொல்லைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அடைமொழி இல்லாமல் சொன்னால் வீட்டுக் கெட்டிக்காரத்தனம்தான். நம் வீடுகளில் ஒரு காலத்தில் சமர்த்து என்ற சொல் செய்த வேலை ஏறக்குறைய இதுவே.

விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் லுவோ மக்களிடம் ராபர்ட் ஸ்டெர்ன்பர்க், எலெனா கிரிகரெங்கோ குழுவினர் கண்டது இன்னும் கூர்மையானது. பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையுள்ள 85 பிள்ளைகளிடம், வயிற்றுப் பூச்சி போன்ற உபாதைகளுக்கு எந்தப் பச்சிலை, எவ்வளவு என்ற நாட்டு மருந்து அறிவைச் சோதித்தார்கள். குடற்புழுத் தொல்லை அங்கே தினப்படி விஷயம். அந்த அறிவு பிள்ளைகளுக்கு உண்மையாகவே தேவை. பள்ளிப்பாடச் சொல்வளச் சோதனையோடு ஒப்பிட்டபோது, ஒன்றில் நன்றாகச் செய்தவர்கள் மற்றதில் குறைவாகச் செய்யும் போக்கு தெரிந்தது. ஒரே மூளை இரண்டிலும் மின்ன வேண்டும் என்பது சோதனை எழுதுகிறவர்களின் எதிர்பார்ப்பு. குடும்பங்கள் அப்படி யோசிப்பதில்லை. பள்ளியில் முன்னேறி வெளியூர் போகப்போகிற பிள்ளை, ஊரோடு தங்கப்போகிற பிள்ளை என்று எப்போதோ கணக்குப் போட்டுவிடுகிறார்கள். நேரமும் கவனமும் அதன்படிப் பிரிகின்றன.

செர்பெல் மறுபடி வருகிறார். பெரியவர்கள் ன்சேலு உள்ளவர்கள் என்று சுட்டிக்காட்டிய பிள்ளைகளுக்கும், அறிவுத்திறன் சோதனைகளில் மேலே வந்த பிள்ளைகளுக்கும் பெரிதாகச் சம்பந்தம் இருக்கவில்லை. அவர் அந்தப் பிள்ளைகளை அத்தோடு விடவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர்களுடைய வாழ்க்கையைத் தொடர்ந்தார். 1993இல் வந்த அவருடைய நூல் அந்தப் பயணங்களின் கதை. கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒரு சல்லடைபோல வேலை செய்தது. உயர்நிலைப் பள்ளியில் இடம் கொஞ்சம்தான். எனவே வடித்து எடுக்கப்படும் சிலருக்காக எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள், பெரும்பாலோர் வழியில் கழன்றார்கள். இடம் போதாதது அரசாங்கத்தின் குறை. ஆனால் கழன்றுபோனவர்கள் வளர்ந்தபிறகு சொன்ன காரணங்களில், தங்களுக்கு ன்சேலு இல்லை என்பதும் இருந்தது. தண்ணீர் சுமந்து, மாடு மேய்த்து, ஊர்க்காரர்களின் நம்பிக்கையைப் பெற்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பொறுப்பைக் குறித்த அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடம் எடுத்துப் பரீட்சைக்குள் அடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது, அவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள்.

இதைக் கண்டவர் சோதனைகளையே தூக்கி எறிந்திருக்கலாம். செர்பெல் எறியவில்லை. எறிந்தால் உண்மையிலேயே உதவி தேவைப்படும் பிள்ளையை அடையாளம் காண ஒரு கருவியும் மிஞ்சாது. அவர் 1979இல் வெளியிட்ட ஒரு ஒப்பீடு இருந்தது. சாம்பியாவின் லுசாகா நகரப் பிள்ளைகளும் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பிள்ளைகளும் ஒரே வடிவங்களைப் பார்த்துச் செய்ய வேண்டும். பென்சிலும் தாளும் கொடுத்தால் மான்செஸ்டர் முந்தியது. கம்பி கொடுத்தால் லுசாகா முந்தியது. பழைய கம்பியை வளைத்துக் கார் செய்து ஓட்டுவது அங்கே பையன்களின் அன்றாட விளையாட்டு. களிமண் கொடுத்தபோது இரு தரப்பும் சமம்.

அந்தக் களிமண்ணிலிருந்து ஒரு சோதனை பிறந்தது. உலகம் முழுக்க உளவியலாளர்கள் பயன்படுத்தும் மனிதனை வரையும் சோதனைக்குப் பதிலாக, பென்சிலைப் பார்த்திராத பிள்ளையிடமும் ஓர் உருண்டை களிமண்ணைக் கொடுத்து, ஒரு மனிதரைச் செய் என்று சொல்லும் சோதனை அது. பெயர் பாங்கா முண்டு, செவா மொழியில் ‘மனிதரைச் செய்’ என்று பொருள். சாம்பியப் பிள்ளைகளுக்கான அளவுகோல்களோடு 1990களின் கடைசியில் வெளியிடப்பட்டது. தலை, கழுத்து, கைகள், விரல்கள் என்று பிள்ளை செய்துவைத்த உறுப்புகளுக்குப் புள்ளிகள் உண்டு. செவா கிராமத்துப் பெரியவர் முதலில் கேட்கும் விஷயத்துக்கு, அதாவது இந்தப் பிள்ளையை நம்பி ஒரு வேலைக்கு அனுப்பலாமா என்பதற்கு, அதிலும் புள்ளி கிடையாது. அதை எப்படி மதிப்பெண்ணாக்குவது என்று செர்பெல் 1970களில் முயன்ற வழி, பிள்ளையைத் தெரிந்த பெரியவரைத் தேடிப் போய்க் கேட்பது. பிள்ளைக்கு ஒரு பெரியவர், சூழ்நிலைக்கு ஒரு கேள்வி, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஏன். எந்தக் கல்வித்துறையும் அதை விலைக்கு வாங்கிப் பள்ளிகளுக்கு அனுப்பியதாகத் தெரியவில்லை.